ரொனால்ட் ரொஸ்: நுளம்பைக் கணக்கில் பிடித்த மனிதர்

ஹட்டனைச் சுற்றிப் பெய்யும் மழை இரண்டு ஆறுகளில் சேர்ந்து கீழே இறங்குகிறது. காசல்ரீ பக்கமாக வருவது கெஹெல்கமு ஓயா. மஸ்கெலியாப் பக்கமாக வருவது மஸ்கெலி ஓயா. இரண்டும் கூடிய பிறகுதான் களனி கங்கை என்ற பெயர். 1934 இல் பருவமழை பொய்த்தது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் இளைத்து, கீழ்ப் பகுதிகளில் ஓடுவதை நிறுத்தி, பாறை இடுக்குகளிலும் மணல் குழிகளிலும் குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த, வெயில் படும், அசையாத தண்ணீர். அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. அந்த ஒக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு சித்திரைக்குள் மலேரியாவால் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாக அடிவாங்கின. உயரத்தில் இருந்த தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

கீழே ஊர் ஊராகச் சாவு, மேலே காய்ச்சல் இல்லை. ஏன் அப்படி? ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஏன் ஆள் சாகிறான்? இந்தக் கேள்விகளுக்கு எண்களால் பதில் சொல்லும் வழியைத் திறந்துவைத்தவர், அந்தக் கொள்ளைநோய்க்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் லண்டனில் இறந்திருந்தார். அவர் பெயர் ரொனால்ட் ரொஸ். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அவரே பெரிதாக நினைத்த வேலை வேறொன்று. அது அந்த ஒரு வரியில் இல்லை.

ரொஸ் 1857 மே 13 இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். தகப்பன் பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரி, பின்னாளில் ஜெனரல். எட்டு வயதில் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பையனுக்குக் கவிதை, ஓவியம், இசை என்று மனம் போனது. தகப்பன் வைத்தியம் படி என்றார். வேண்டா வெறுப்பாகத்தான் லண்டன் புனித பார்த்தலோமியு வைத்தியசாலையில் படித்தார். தட்டுத்தடுமாறித் தேறி, கொஞ்ச நாள் கப்பல் வைத்தியராக இருந்து, 1881 இல் இந்திய வைத்திய சேவையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

சென்னை மாகாணத்துப் படை வைத்தியருக்கு அப்போது வேலை குறைவு, பொழுது அதிகம். மற்ற அதிகாரிகள் வேட்டைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போன நேரத்தில் ரொஸ் கணிதப் புத்தகங்களோடு உட்கார்ந்தார். ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை. தானே படித்தார், தானே குறியீடுகளை உருவாக்கினார். பக்கத்திலேயே நாவலும் கவிதையும் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1889 இல் வந்தது. பெரிதாக யாரும் கொண்டாடவில்லை.

பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் நுளம்புத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயை எட்டிப் பார்த்தால் உள்ளே குடம்பிகள் நெளிகின்றன. பீப்பாயைக் கவிழ்த்தார், நுளம்பு குறைந்தது. மற்ற இடங்களிலும் இதையே செய்யலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டார். அவர் இணங்கவில்லை. லயத்துப் பின்பக்கம் பீப்பாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் மலேரியாவுக்கும் நுளம்புக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவரும் நிறுவாத காலம் அது. ரொஸ்ஸுக்கே அப்போது அது தெரியாது. நுளம்பின் எண்ணிக்கை என்பது மனிதன் கைவைத்து மாற்றக்கூடிய ஒன்று என்ற எண்ணம் மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

1894 இல் விடுமுறையில் லண்டன் போனபோது பெட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். மலேரியா ஒட்டுண்ணியை இரத்தத் துளியில் காட்டியவர் மேன்சன். நுளம்புதான் இதைக் கடத்துகிறது என்ற ஊகத்தைச் சொன்னவரும் அவரே. ரொஸ் அடுத்த ஆண்டு செகந்திராபாத்துக்குத் திரும்பி நுளம்புகளை அறுக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் தவறான இன நுளம்புகளையே அறுத்துக்கொண்டிருந்தார். இடையில் ஊட்டிப் பக்கம் சீகூர் மலைப்பாதைக்கு ஆய்வுக்குப் போய் அவருக்கே மலேரியா பிடித்தது. ஹுசேன் கான் என்ற நோயாளி ஒரு கடிக்கு ஒரு அணா கூலிக்கு நுளம்புகளிடம் கையை நீட்டினார். அந்த இரத்தம் குடித்த, இறக்கையில் புள்ளி விழுந்த நுளம்பு ஒன்றின் வயிற்றுச் சுவரில் 1897 ஓகஸ்ட் 20 ஆம் திகதி ரொஸ் ஒட்டுண்ணியைக் கண்டார். ஹுசேன் கானின் பெயர் சில நூல்களில் அடிக்குறிப்பாக மிஞ்சியிருக்கிறது.

கண்டுபிடித்த கையோடு மலேரியா அதிகம் இல்லாத ராஜஸ்தானத்து கேர்வாராவுக்கு அவரை மாற்றினார்கள். அரசாங்க இடமாற்றத்துக்கு எந்தக் காலத்திலும் காரணம் கேட்கக் கூடாது போலும். மேன்சன் தலையிட்ட பிறகு 1898 இல் கல்கத்தா கிடைத்தது. அங்கே மனித நோயாளிகள் கிடைக்காததால் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டார். ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அடுத்த கடியில் அடுத்த பறவைக்கு இறங்குவதை முழுச் சுற்றாகக் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியில் கிராசியும் கூட்டாளிகளும் மனித மலேரியாவில் அனோபிலிஸின் பங்கை நிறுவினார்கள். 1902 இல் நோபல் ரொஸ்ஸுக்கு மட்டும் கிடைத்தது. கிராசியோடு அவர் போட்ட சண்டை சாகும்வரை தீரவில்லை. குருவாக இருந்த மேன்சனோடும் பின்னால் மனக்கசப்பு. எதையும் மறக்காத, யாரையும் மன்னிக்காத மனிதர் அவர்.

ஆனாலும் ஒரு சண்டை நல்லதற்கு ஆயிற்று. லாகூருக்கு அருகே மியான் மீர் என்ற படை முகாமில், ரொஸ் சொன்னபடி கால்வாய்களை அடைத்து, குட்டைகளை மூடி நுளம்பைக் குறைத்துப் பார்த்தார்கள். மலேரியா குறையவில்லை. இந்திய வைத்திய அதிகாரிகள் பலர் இது வீண் வேலை என்று முடிவு கட்டினார்கள். ரொஸ் கொதித்தார். அவருடைய பதில் ஒரு கணக்காக வந்தது. ஒரு சிறிய இடத்தை மட்டும் துப்புரவாக்கினால் சுற்றியுள்ள இடங்களிலிருந்து நுளம்பு உள்ளே வரத்தானே செய்யும்? எவ்வளவு வரும், எவ்வளவு தூரம் வரும்? ஒரு நுளம்பு குறி இல்லாமல் அங்குமிங்கும் பறந்து திரிந்தால், பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அது சாகும்?

1904 இல் அமெரிக்காவின் சென்ட் லூயிசில் நடந்த மாநாட்டில் இதை முன்வைத்தார். முழுத் தீர்வுக்கு அவருடைய சுயபடிப்புக் கணிதம் போதவில்லை. புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனை நாடினார். பியர்சன் 1905 இல் அந்தக் கேள்வியைச் சுருக்கி விஞ்ஞான இதழ் ஒன்றில் வெளியிட்டபோது வைத்த பெயர்தான் எழுமாற்று நடை. இன்று பங்குச் சந்தையிலிருந்து மூலக்கூறு அசைவு வரை அந்தப் பெயர் ஓடுகிறது. பிறந்தது நுளம்பு எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வியில்.

கணக்கு சொன்னது இதுதான். துப்புரவான நிலத்தின் எல்லைக் கோட்டில் நின்றால் ஒரு பக்கத்து வரவு மட்டும் நின்றுபோயிருக்கும், ஆகவே நுளம்பு பாதிதான் குறையும். உள்ளே போகப் போகத்தான் இன்னும் குறையும். துப்புரவாக்கிய வட்டம் சிறியதென்றால் அதன் நடுவும் எல்லைக்குப் பக்கம்தான். ஒரு தோட்டம் கானை வெட்டித் துப்புரவாக்கி, பக்கத்துத் தோட்டம் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1907 கடைசியில் அவரை மொரிஷியஸுக்கு அழைத்தார்கள். நமக்குத் தூரத்து உறவு நாடு அது. 1834 இலிருந்து கல்கத்தா, பம்பாய், சென்னைத் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், தமிழர்களும் அவர்களுள் உண்டு. 1860களில் திடீரெனப் புகுந்த மலேரியா அந்தத் தீவில் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. ரொஸ் சில மாதங்கள் தங்கி, பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, எந்தத் தோட்டத்தில் எவ்வளவு மலேரியா என்று கணக்கெடுத்தார். செலவழித்த அரசாங்கத்தின் கவலை கரும்பு வெட்ட ஆள் நிற்குமா என்பதுதான். கூலிகளின் உடல் அந்தக் கணக்கில் ஓர் உற்பத்திச் செலவு. ரொஸ் அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டவர் அல்ல, அதற்குள் நின்று வேலை செய்தவர். 1926 இல் லண்டனில் அவர் பெயரில் தொடங்கிய நிறுவனமும் தேயிலை, றப்பர்க் கம்பனிகளோடு நெருக்கமாகவே வளர்ந்தது. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

ஆனால் 1908 இல் வந்த மொரிஷியஸ் அறிக்கையில்தான் அவர் உண்மையில் பெரிய வேலையைச் செய்தார். அந்தக் கணக்கு கிட்டத்தட்ட இப்படிப் போகும். ஆயிரம் பேர் உள்ள ஊர், அதில் ஒருவருக்கு மலேரியா. ஆளுக்கு 48 அனோபிலிஸ் வீதம் அந்த நோயாளியின் பங்குக்கு 48 நுளம்பு. எல்லா நுளம்புக்கும் ஆளைக் கடிக்க வாய்ப்பதில்லை. நாலில் ஒன்று கடிக்கிறது என்று வைத்தால் 12. கடித்த நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி முதிரப் பத்து நாள்போல வேண்டும். அதுவரை உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று, ஆக 4. அந்த நாலில் ஒன்றுக்குத்தான் மறுபடி ஓர் ஆளைக் கடிக்கும் வாய்ப்பு. கடைசியில் ஒன்றே ஒன்று. 48 நுளம்பு பாடுபட்டால் ஒரு புதிய நோயாளி.

இதற்கு மேலே இரண்டு விடயங்களைச் சேர்த்தார். நோயாளி பல மாதங்கள் நோயோடு இருக்கிறார், ஆகவே நுளம்புக்குப் பல தடவை வாய்ப்பு. மறுபுறம், நோயாளிகளில் ஒரு பங்கினரின் இரத்தத்தில்தான் நுளம்பைத் தொற்றவைக்கும் அளவு ஒட்டுண்ணி இருக்கும். கூட்டிக் கழித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 40 நுளம்பு என்று ஒரு கோடு விழுந்தது. அதற்குமேல் இருந்தால் ஒரு நோயாளி குணமாவதற்குள் இன்னொருவருக்கு மேல் நோய் வந்துவிடும், நோய் ஊரில் தங்கும். அதற்குக் கீழே போனால் புதிதாக வருவதைவிடக் குணமாவது அதிகம், நோய் தானாக அவியும்.

இந்த 40 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இடத்துக்கு இடம், நுளம்பு இனத்துக்கு இனம் அது மாறும், ரொஸ்ஸின் பங்கீடுகளும் மதிப்பீடுகளே. முக்கியம் என்னவென்றால் அப்படி ஒரு கோடு இருக்கிறது என்பது. கடைசி நுளம்பையும் கொல்ல முடியாது, ஆகவே இந்த வேலையே பயனில்லை என்றவர்களுக்கு அதுதான் பதில். கோட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். நுளம்பு இருக்கும், மலேரியா இருக்காது.

1911 இல் வெளியிட்ட நூலில் இதையே வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதினார். தொற்றிய மனிதர்களின் எண்ணிக்கை மாறும் வேகம் ஒரு வரி, தொற்றிய நுளம்புகளின் எண்ணிக்கை மாறும் வேகம் இன்னொரு வரி. ஒன்று மற்றதை இழுக்கிறது. 1916, 1917 இல் கணிதவியலாளர் ஹில்டா ஹட்சனோடு சேர்ந்து இதை எல்லாத் தொற்றுக்கும் பொதுவான கோட்பாடாக விரித்தார். பின்னர் 1923 இல் ஆல்பிரட் லொட்கா ரொஸ்ஸின் சமன்பாடுகளை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். இரை பெருகினால் வேட்டை விலங்கு பெருகும், வேட்டை விலங்கு பெருகினால் இரை குறையும் என்ற சூழலியலின் புகழ்பெற்ற சமன்பாட்டில் வொல்டெராவோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே லொட்கா. ரொஸ்ஸோடு சியராலியோன் போய்வந்த மெக்கென்ரிக் என்ற வைத்தியர், கெர்மக்கோடு சேர்ந்து 1927 இல் எழுதியது கொள்ளைநோய்களின் அடிப்படை மாதிரி. கொரோனா காலத்தில் கணினிகளில் ஓடிய மாதிரிகள் பலவற்றின் அடியில் கிடந்தது அதுதான்.

அக்காலத்து வைத்தியர்களுக்குச் சமன்பாடு புரியவில்லை, கணிதக்காரர்களுக்கு நுளம்பில் அக்கறை இல்லை. ரொஸ் இரண்டு பக்கமும் கத்திக் களைத்தார். 1914 இல் மூத்த மகன் போரில் இறந்தார். 1923 இல் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். சம்பாத்தியம் போதாமல் 1928 இல் தன் கடிதங்களையும் ஆவணங்களையும் விற்றார். பக்கவாதம் வந்தது. 1931 இல் மனைவி ரோசா இறந்தார். 1932 செப்டெம்பர் 16 இல் அவர் இறந்தபோது உலகம் செகந்திராபாத் நுளம்பைத்தான் நினைத்தது. கணக்குக்கு அப்போது பெரிய மதிப்பில்லை.

அந்தக் கணக்கில் இருந்த ஒரு படி நம் மலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒட்டுண்ணி முதிரும்வரை நுளம்பு உயிரோடு இருக்குமா என்ற படி. ரொஸ் அதற்கு மூன்றில் ஒன்று என்று போட்டுவிட்டு நகர்ந்தார். ரொஸ் நிறுவனத்தின் பின்னாளைய இயக்குநர் ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950களில் அதையே பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும்விட நுளம்பின் ஆயுள்தான் கணக்கைத் தலைகீழாக்குகிறது என்று காட்டினார்.

போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்தில் ஒரு நுளம்பு சாகிறது என்று வைப்போம். கொடிய வகையான ஃபல்சிபாரம் ஒட்டுண்ணி 28 பாகை வெப்பத்தில் முதிர 9, 10 நாள் போதும். அதுவரை 100 நுளம்பில் 35 அளவு மிஞ்சும். ஹட்டனின் சராசரி வெப்பம் 20 பாகையை ஒட்டியது. அங்கே அதே ஒட்டுண்ணிக்கு ஏறத்தாழ நாலு வாரம் வேண்டும். அதுவரை மிஞ்சுவது 100 இல் 5. நுவரெலியா போன்ற குளிரில் ஒட்டுண்ணி முதிர்வதே நின்றுவிடும். 1934 இல் மேலே இருந்தவர்கள் தப்பியதற்கு நுளம்பு குறைவு என்பது ஒரு காரணம், இந்தக் குளிர்க் கணக்கு இன்னொரு காரணம். லயத்தின் சுகாதாரமோ துரைமாரின் அக்கறையோ அல்ல. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் முன்னோர் மலேரியாவிலும் வாந்திபேதியிலும் விழுந்தது மலைக்கு வந்து சேர்வதற்கு முன்னால்தான்.

கீழே, களனிப் பள்ளத்தாக்கில், நிவாரணம் கொண்டுபோன இளைஞர்கள் அங்கேயே அரசியலையும் கட்டினார்கள். சூரியமல் இயக்கத்தின் அந்த அலையில்தான் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மலேரியா வேலையில் பெயரெடுத்த என்.எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியில் வென்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. ஆளைக் கடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் நுளம்பு மருந்து பட்டு இறந்தது. ஆயுள்தான் குறைந்தது, கணக்கு தலைகீழானது. 1963 இல் முழு இலங்கையிலும் 17 மலேரியா நோயாளிகள்தான். நோய் முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நோய் முடிந்திருந்தது, ஆனால் நுளம்பு மறுபடி கோட்டுக்கு மேலே ஏறியது. 1969 இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்துக்கு மேல். ரொஸ்ஸின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தாலும் இவ்வளவு துலக்கமாக வராது.

பிறகு அரை நூற்றாண்டு பாடுபட்டு, போர்க் காலத்திலும் விடாமல் வேலை செய்து, 2012 க்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லாமல், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. இப்போது மிஞ்சியிருக்கும் கவலை வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணியைச் சுமந்து வரும் பயணிகளும், இன்னும் இங்கேயே இருக்கும் நுளம்பும். மலையகத்துக்கு இன்னொன்றும் உண்டு. மேலே போட்ட கணக்கில் 20 பாகைக்குப் பதில் 22 போட்டால் ஒட்டுண்ணி முதிர நாலு வாரத்துக்குப் பதில் 18, 19 நாள். மிஞ்சும் நுளம்பு 100 இல் 5 என்பது 14 ஆகிறது. இது ஆரூடம் அல்ல. நுளம்பின் எண்ணிக்கை, மழை, வீட்டு அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் முழு மாதிரி. ஆனால் குளிர் தந்த காவலில் எவ்வளவு பங்கு இரண்டு பாகைக்குள் அடங்கியிருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சான்றிதழ் வந்த அதே 2016 இன் கடைசியில், இலங்கையில் முன்பு பதிவாகாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பை மன்னாரில் கண்டார்கள். இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் அது. ஆற்றுக் குட்டை அதற்குத் தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் பீப்பாயும் போதும். மன்னாரில் மலேரியா தடை இயக்கத்தார் கிணறு கிணறாக இறங்கிக் குடம்பிகளைத் தேடினார்கள், குடம்பி தின்னும் மீன்களை விட்டார்கள், பாவிக்காத கிணறுகளை மூடினார்கள். கிணற்றுக்கு எத்தனை குடம்பி என்று எண்ணியும் வைத்தார்கள்.